முதலில் நடந்தது எது... விழுந்ததா, ரத்தக் கசிவா?

பக்கவாத மரணங்களில் போஸ்ட்மார்ட்டம் சொல்லித் தரும் பாடம்

இப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். அப்பாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. 'எனக்கு ஒரு வியாதியும் கிடையாது' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்பவர். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பாத்ரூம் போனவர் திரும்பி வரவில்லை. ஐந்தரை மணிக்கு அம்மா போய்ப் பார்த்தால், தரையில் கிடக்கிறார். பின்மண்டையில் ரத்தம். குறட்டை விடுவது மாதிரி மூச்சு. மகனும் மருமகளும் ஓடி வந்து ஆட்டோவில் ஏற்றுகிறார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் உயிர் பிரிந்துவிடுகிறது.

"தலையில காயம் இருக்கு. போலீஸுக்குச் சொல்லணும். போஸ்ட்மார்ட்டம் பண்ணாமத் தர முடியாது" என்கிறார் டியூட்டி டாக்டர்.

மதியம் வெளியூரிலிருந்து மகள் வந்து சேர்கிறாள். அழுது முடித்ததும் அண்ணனைத் தனியாக அழைத்துக் கேட்கிறாள்: "ஏண்ணா, ராத்திரி அண்ணிக்கும் அப்பாவுக்கும் சண்டையாமே? அம்மா சொன்னாங்க. அப்பா தலையில எப்படிண்ணா காயம்?"

அண்ணன் பதில் பேசவில்லை. கதவுக்குப் பின்னால் நின்ற மருமகளின் காதிலும் அது விழுந்துவிட்டது.

கேள்வி இதுதான். வழுக்கி விழுந்ததால் மூளையில் ரத்தம் கசிந்து இறந்தாரா? அல்லது மூளையில் ரத்தம் கசிந்ததால் விழுந்தாரா? இல்லை, யாராவது தள்ளிவிட்டார்களா? வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிதான் இருக்கும். பதில் சொல்லக்கூடியவர் ஒருவர்தான். ஃபாரன்சிக் மெடிசின் எனப்படும் சட்டம் சார்ந்த மருத்துவத் துறையின் டாக்டர்.

'ஐயோ, அறுக்காதீங்க!'

நம் வீடுகளில் போஸ்ட்மார்ட்டம் என்றாலே பதறிப் போவார்கள். 'போன உயிர் திரும்பி வரவா போகுது? முழுசா விட்டுடுங்க' என்று கெஞ்சுவார்கள். அந்த வேதனை புரிகிறது. ஆனால் தற்கொலை, கொலை, விபத்து, சந்தேகத்துக்கு இடமான சாவு என்றால் போலீஸ் விசாரித்தே ஆகவேண்டும் என்பது சட்டம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-வது பிரிவு அதைச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 194-வது பிரிவு.

தலையைத் திறப்பார்களே, முகம் கோரமாகிவிடாதா என்பது அடுத்த பயம். ஒரு காதுக்குப் பின்னாலிருந்து உச்சந்தலை வழியாக மறு காதின் பின்புறம் வரைதான் தோலைக் கீறுவார்கள். பரிசோதனை முடிந்ததும் தைத்துவிடுவார்கள். தலையில் முடி இருந்தால் தையல் அதற்குள் மறைந்துவிடும். முகத்தில் கத்தி படுவதில்லை.

கபம் போய் ரத்தம் வந்த கதை

பக்கவாதம் என்றால் என்ன என்பதே உலகத்துக்குத் தெரிய வந்தது, இறந்தவர்களின் தலையைத் திறந்து பார்த்ததால்தான்.

திடீரென்று ஒருவர் சுருண்டு விழுந்து, கை கால் இழுத்து, நினைவு தப்பிச் செத்துப் போனால், மூளைக்குள் இருக்கும் குழிகளைக் கபம் அடைத்துக்கொண்டது என்றுதான் பல நூற்றாண்டுகளாக ஐரோப்பிய வைத்தியர்கள் நம்பி வந்தார்கள். ஸ்விட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் ஊரைச் சேர்ந்த யோஹான் யாக்கோப் வெப்ஃபர் என்ற டாக்டர், அப்படி இறந்தவர்களின் உடல்களைப் பரிசோதித்தார். கபத்தைக் காணோம். மூளைக்குள் ரத்தம் கொட்டிக் கிடந்தது! 1658-ல் இதைப் புத்தகமாகவே எழுதினார். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டாலும் இதே ஆபத்து வரலாம் என்றும் அதில் சொன்னார். கசிவு, அடைப்பு என்று இன்று நாம் சொல்லும் இரண்டு வகைகளுக்கும் பிள்ளையார் சுழி அங்கேதான்.

அடுத்து இத்தாலியின் மோர்காக்னி. 1761-ல் வெளியான அவருடைய பெரிய நூலில் நூற்றுக்கணக்கான பிரேதப் பரிசோதனைகள் இருக்கின்றன. இடது கை, இடது கால் விழுந்துவிட்டதென்றால் மூளையின் வலது பக்கத்தில்தான் கோளாறு என்பதை அவரும் அவருடைய குரு வால்சால்வாவும் உடல்களில் கண்டு சொன்னார்கள். 1868-ல் பாரிஸில் ஷார்கோவும் பூஷாரும், ரத்தம் கசிந்த மூளைகளில் தலைமுடி போன்ற மெல்லிய ரத்தக் குழாய்களில் குட்டிக் குட்டிப் புடைப்புகள் இருப்பதைப் பார்த்தார்கள்.

ஸ்கேன் மெஷின் இல்லாத அந்தக் காலத்தில், டாக்டர்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர்கள் செத்துப் போனவர்கள்தான்.

டாக்டர் எதைத் தேடுகிறார்?

சரி, நம் கதைக்கு வருவோம். போஸ்ட்மார்ட்டம் மேஜையில் டாக்டர் மூன்று விஷயங்களைப் பார்ப்பார்.

முதலாவது, ரத்தம் எங்கே இருக்கிறது? மூளையைச் சுற்றி உறைகள் இருக்கின்றன. அடிபட்டு மண்டையோடு விரிசல் விட்டால், பெரும்பாலும் ஓட்டுக்கும் வெளி உறைக்கும் நடுவில் ரத்தம் கட்டும். அதிர்ச்சியில் சின்னச் சிரைகள் அறுந்தால் அந்த உறைக்கு அடியில் கட்டும். ஆனால் நாள்பட்ட ரத்தக் கொதிப்பால் வெடிக்கும் குழாய்கள் இருப்பது மூளையின் ஆழத்தில். அங்கே நாலைந்து இடங்கள்தான் அதற்கு வழக்கமானவை: மூளையின் நடு ஆழத்தில் உள்ள நரம்புத் திரள்கள், மூளைத்தண்டு, சிறுமூளை. கொலை வழக்கானாலும் சரி, பாத்ரூம் சாவானாலும் சரி, ரத்தம் இருக்கும் இடமே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

இரண்டாவது, அடியின் அடையாளம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மல்லாக்க விழுந்து பின்மண்டை தரையில் மோதினால், மூளை அதிகமாக நசுங்குவது பின்னால் அல்ல, எதிர்ப்பக்கத்தில்! நெற்றிக்குப் பின்னாலும் பொட்டுக்குப் பின்னாலும் இருக்கும் மூளைப் பகுதிகளில்தான் கன்றிப் போன தழும்புகள் தெரியும். நின்றுகொண்டிருந்தவர் மீது கட்டையால் அடித்தால், அடி விழுந்த பக்கத்துக்கு நேர் கீழே கன்றிப் போயிருக்கும். வெளியே ஒரே மாதிரி காயம்தான், உள்ளே வேறு வேறு கதை.

மூன்றாவதாக அவர் இருதயத்தையும் சிறுநீரகத்தையும் எடுத்துப் பார்ப்பார். 'தலையில கசிஞ்சதுக்கு நெஞ்சை எதுக்கு டாக்டர் பார்க்கணும்?' என்று கேட்கத் தோன்றும். பெரியவர்களின் இருதயம் ஏறத்தாழ 300 கிராம் இருக்கும். பல வருஷம் அதிக அழுத்தத்தில் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி, பயில்வான் கை மாதிரி அதன் இடது கீழறைச் சுவர் தடித்துப் போகும். 15 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் சந்தேகம் வரும். மொத்த எடையும் 400, 500 கிராம் என்று ஏறும். வழவழப்பாக இருக்க வேண்டிய சிறுநீரகத்தின் மேல்பாகம் மணல் ஒட்டியது போலச் சொரசொரப்பாகிவிடும். 'எனக்கு பி.பி.யே இல்லை' என்று வாழ்நாளெல்லாம் சொன்னவருக்கு எதிராக அவருடைய இருதயமும் கிட்னியும் சாட்சி சொல்லும்!

நம் கதையின் அப்பாவுக்கு என்ன ஆனது? பின்மண்டைத் தோல் மட்டும் கிழிந்திருந்தது. ஓட்டில் விரிசல் இல்லை. நெற்றிப் பக்க மூளையில் நசுங்கல் இல்லை. ஆனால் மூளையின் ஆழத்தில் எலுமிச்சம்பழத்தை விடப் பெரிய ரத்தக்கட்டி. அது உடைந்து நடுக் குழிகளுக்குள்ளும் பாய்ந்திருந்தது. இருதயம் 460 கிராம். சிறுநீரகங்கள் சொரசொரப்பு. ஆக, அவர் விழுந்ததால் ரத்தம் கசியவில்லை. ரத்தம் கசிந்ததால்தான் விழுந்தார்.

அப்படியானால் ராத்திரி நடந்த சண்டை? கோபம் வந்தால் பி.பி. கொஞ்ச நேரம் ஏறும், உண்மைதான். ஆனால் நல்ல நிலையில் இருக்கும் குழாய் ஒரு வாக்குவாதத்துக்கெல்லாம் வெடிக்காது. பத்து, இருபது வருஷமாக அழுத்தம் தாங்கித் தாங்கி நைந்து போன குழாய்தான் வெடிக்கும். மருமகள் மேல் பழி போட வைத்தியத்தில் இடமில்லை. இந்த ஒரு பதிலுக்காகவே அந்தப் பரிசோதனை தேவைப்பட்டது, இல்லையா?

எல்லா கேஸும் இவ்வளவு சுலபமல்ல. கசிவு வந்து விழுந்தவருக்கு, விழுந்த வேகத்தில் நிஜமாகவே மண்டை உடைந்தும் இருக்கலாம். வண்டி ஓட்டும்போது ஸ்ட்ரோக் வந்து மரத்தில் மோதியவர் விஷயத்தில், விபத்துக் காப்பீடு கிடைப்பதும் கிடைக்காததும் கூட 'முதலில் நடந்தது எது' என்பதைப் பொறுத்துப் போகலாம். அதனால்தான் ஃபாரன்சிக் டாக்டர்கள் அவசரப்பட்டு எழுத மாட்டார்கள்.

இளம் வயதில் திடீர் சாவு

இன்னொரு வகை கசிவு உண்டு. மூளையின் அடிப்பாகத்தில் ரத்தக் குழாய்கள் சேர்ந்து ஒரு வளையம் போல இருக்கும். 1664-ல் அதை விளக்கிய தாமஸ் வில்லிஸின் பெயரால் வில்லிஸ் வளையம் என்பார்கள். அதன் கிளைகள் பிரியும் இடத்தில் சிலருக்குச் சின்னப் பழம் போல ஒரு புடைப்பு இருக்கும். பெயர் அனியூரிஸம். பல பேருக்கு அது கடைசி வரை ஒன்றும் செய்யாது. சிலருக்கு முப்பது, நாற்பது வயதிலேயே வெடித்துவிடும். 'இப்படி ஒரு தலைவலி வாழ்க்கையில வந்ததே இல்லை' என்று சொல்லிக்கொண்டே மயங்கி விழுவார்கள்.

இதைத் தேட ஒரு தனி முறையே வைத்திருக்கிறார்கள். சாதாரணமாக மூளையை ஃபார்மலினில் இரண்டு வாரத்துக்குக் குறையாமல் ஊற வைத்து, கெட்டியான பிறகுதான் வெட்டிப் பார்ப்பார்கள். ஆனால் அனியூரிஸம் என்று சந்தேகம் வந்தால் அன்றைக்கே மூளையின் அடிப்பாகத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவித் தேட வேண்டும். ஃபார்மலினில் போட்டால் ரத்தம் கல்லாக இறுகி, அந்தப் பழத்தை மறைத்துவிடும்.

மூளையடியில் இப்படி ரத்தம் பரவி இருந்தால், கழுத்தையும் பார்த்தாக வேண்டும். காதுக்குக் கீழே கழுத்தின் பக்கவாட்டில் விழும் ஒரே ஒரு குத்து, முதுகெலும்பை ஒட்டி மேலே போகும் தமனியைக் கிழித்து இதே மாதிரி ரத்தத்தைப் பரப்பிவிடும். தெருச் சண்டையில் ஒருவர் சுருண்டு விழுந்து இறந்தால், இயற்கை மரணமா, குற்றமா என்பது இந்தத் தேடலில்தான் இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத அடைப்பு

ஸ்ட்ரோக்கில் பெரும்பாலானவை அடைப்பு வகைதானே, அதையும் கண்டுபிடித்துவிடுவார்களா? இங்கேதான் சிக்கல். ரத்தம் போகாமல் மூளை செத்தாலும், முதல் சில மணி நேரத்துக்கு அது கண்ணுக்கு நல்ல மூளை மாதிரியேதான் இருக்கும். மைக்ராஸ்கோப்பில் செல்கள் மாறித் தெரியவே பல மணி நேரம் ஆகும். அதனால் கழுத்துத் தமனிகளில் அடைப்பு உண்டா, இருதய அறையில் ரத்தக்கட்டி உண்டா என்று டாக்டர் சுற்றி வளைத்துத் தேடுவார். அடைப்பில் பலர் உடனே இறப்பதில்லை. மூளை வீங்கி, மூன்றிலிருந்து ஐந்து நாளுக்குள் ஆபத்து உச்சத்துக்குப் போகும். அதனால்தான் திடீர் சாவுகளில் அடைப்பை விடக் கசிவு அதிகம் தென்படுகிறது.

கத்தி வைக்காமலே உடலை ஸ்கேன் செய்து பார்க்கும் முறையும் வந்துவிட்டது. ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் வளர்ந்த இந்த முறையை, 2021 மார்ச்சில் டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரி தொடங்கியது. மூளைக் கசிவையும் எலும்பு முறிவையும் இது நன்றாகவே காட்டிக் கொடுக்கும். புதிதாக வந்த அடைப்பு மட்டும் இதிலும் தப்பித்துவிடும்.

பெட்டிச் செய்தி: மூன்று தலைவர்கள்

லெனின் 1924 ஜனவரி 21-ல் இறந்தார். வயது 53. பரிசோதனையில் அவருடைய மூளைத் தமனிகள் சுண்ணாம்பு படிந்து இறுகி அடைபட்டிருந்தன. இது அடைப்பு.

ஸ்டாலின் 1953 மார்ச் 5-ல் இறந்தார். மார்ச் 1 அன்று அறையில் விழுந்து கிடந்தவரைப் பார்த்த பிறகும், டாக்டர்கள் வந்தது மறுநாள் காலையில்தான். வலது கை கால் விழுந்திருந்தது. பரிசோதனையில் மூளையின் இடது பக்கத்தில் பெரிய ரத்தக் கசிவு, தடித்துப் போன இருதயம். மோர்காக்னி சொன்ன பாடம் அப்படியே!

அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12-ல் பின்மண்டை பயங்கரமாக வலிக்கிறது என்று சொல்லிவிட்டு நினைவிழந்தார். சில மணி நேரத்தில் மரணம். 1935-ல் 136/78 ஆக இருந்த பி.பி. 1941-ல் 188/105 ஆகி, கடைசி நாளில் 300/190-ஐத் தொட்டது. மூளைக் கசிவு என்று டாக்டர்கள் சொன்னார்கள். ஆனால் போஸ்ட்மார்ட்டம் செய்யவில்லை. விளைவு, விஷம் வைத்தார்கள் என்பது வரை வதந்திகள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ரூஸ்வெல்ட்டின் பி.பி. ஏறிக்கொண்டே போனதை டாக்டர்கள் அளந்து எழுதி வைத்தார்கள். ஆனால் கொடுக்க அவர்களிடம் நல்ல மாத்திரை இல்லை. குளோரோதயசைடு போன்ற மாத்திரை வந்ததே 1958 வாக்கில்தான். மாத்திரையால் ஆபத்து குறைகிறது என்று அமெரிக்க முன்னாள் ராணுவத்தினரை வைத்து நடந்த ஆய்வு நிரூபித்தது 1967-ல். அன்று அமெரிக்க ஜனாதிபதிக்கே கிடைக்காத மாத்திரை இன்று நம் ஊர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது!

'மாரடைப்பு' என்று எழுதிவிட்டால் போதுமா?

வீட்டில் ஒருவர் தூக்கத்திலேயே போய்விட்டால், 'ஹார்ட் அட்டாக்' என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். திடீர் சாவுகளுக்கு இருதயம்தான் முதல் காரணம் என்பது சரியே. ஆனால் எல்லாமே அதுவல்ல. 2020-ல் இந்தியாவில் பதிவான மரணங்களில் காரணத்தை டாக்டர் சான்றளித்தவை 22.5 சதவீதம்தான். மற்றவர்கள் எதனால் இறந்தார்கள் என்பதற்கு டாக்டர் சான்று கிடையாது. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் எச்சரிக்கை கிடைக்காமலே போகிறது.

போஸ்ட்மார்ட்டம் நடக்கும் நிலை வந்தால், இவற்றை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்:

* கடைசியாக நன்றாக இருந்ததை யார், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள்?
* முந்தைய நாட்களில் தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல் இருந்ததா?
* பி.பி., சர்க்கரை மாத்திரைகள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டாரா? அட்டையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.
* குடி, புகை, வேறு போதைப் பழக்கம் உண்டா?
* குடும்பத்தில் வேறு யாராவது இதேபோல இறந்திருக்கிறார்களா?

அறிக்கை வந்ததும் அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். குடும்ப டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தக் கொதிப்பால் வந்த கசிவு என்றால் பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் எல்லோரும் பி.பி. பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே குடும்பத்தில் நெருங்கிய ரத்த உறவில் இரண்டு பேருக்கோ அதற்கு மேலோ அனியூரிஸம் என்றால், மற்றவர்களுக்கு ஸ்கேன் தேவையா என்று நரம்பியல் டாக்டரைக் கேளுங்கள்.

உயிரோடு இருக்கும்போதே...

முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, ஒரு கையைத் தூக்க முடியவில்லையா, பேச்சு குழறுகிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். அடைப்பாக இருந்தால் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். 'கொஞ்சம் படுத்தா சரியாயிடும்' என்று காத்திருக்காதீர்கள்.

ஊசியால் விரல் நுனியைக் குத்தி ரத்தம் எடுப்பது, வாயில் தண்ணீரோ காபியோ ஊற்றுவது, இரண்டும் கூடாது. ஆஸ்பிரின் மாத்திரையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். அடைப்பா, கசிவா என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. ஸ்கேன்தான் சொல்லும். கசிவு என்றால் ஆஸ்பிரின் எரிகிற தீயில் எண்ணெய்.

கடைசியாக, நம் கதையின் மிச்சம். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், மருமகள் தன் புருஷனைக் கையோடு கிளினிக்குக் கூட்டிப் போனாள். கூடவே நாத்தனாரும் போனாள். மகனுக்கு வயது முப்பத்திநாலு. தலைவலி, மயக்கம் எதுவும் கிடையாது. பி.பி. பார்த்தால் 160/100!

"நல்லவேளை அண்ணி, நீங்க இழுத்துக்கிட்டு வந்தீங்க" என்றாள் நாத்தனார்.

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் 'எனக்கு ஒரு வியாதியும் கிடையாது' என்று சொல்பவர் உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பாரே? முதலில் அவரைக் கூட்டிக்கொண்டு போய் பி.பி. பாருங்கள். அப்படியே நீங்களும் கையை நீட்டுங்கள்!